வடாம் காயும் நாள்

மாசி மாதம் பிறந்துவிட்டால் மயிலாப்பூர் மொட்டை மாடிகளுக்கு ஒரு தனிக்களை வந்துவிடும். பழைய வேஷ்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல்லை வைத்து, வெள்ளை வெளேரென்று வடாம் பிழிந்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு குடையும், காக்கையை விரட்ட ஒரு கறுப்புத் துணியும் இருக்கும். தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இருக்கும் என் அக்காவின் வீட்டு மாடியில் சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அப்படித்தான் காவலுக்கு உட்காரவைக்கப்பட்டிருந்தேன். பத்திரிகைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன வேலை என்பது அக்காவின் அபிப்பிராயம்.

"நீ ஊர் விஷயமெல்லாம் எழுதுகிறாயே, இதை விசாரித்துச் சொல்லு. உன் மருமகள் அடுத்த மாதம் சிநேகிதிகளோடு மலையேறப் போகிறாளாம். தேனிப் பக்கம். போகலாமா, கூடாதா?" என்று கேட்டாள்.

மருமகள் என்றால் அக்காவின் பெண். கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் வாசற்படியில் நின்றபடியே, "மாமா, அம்மா குரங்கணியை நினைத்துக்கொண்டு பயப்படுகிறாள்" என்றாள்.

அக்கா பேசவில்லை. அரிசிக் கூழைக் கிளறிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

உங்களுக்கும் நினைவிருக்கும். 2018 மார்ச் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில், போடிக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போன இளைஞர்கள் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத் தீயில் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் பெண்கள் பலர். மகளிர் தினத்தை ஒட்டிப் புறப்பட்ட பயணம் அது. இருபது பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். மறுநாள் காலைப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்த எத்தனை தாய்மார்கள் தங்கள் பெண்ணை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

"போகாதே என்று சொல்லிவிடலாம். அது சுலபம். ஆனால் எப்போது போகலாம் என்று யாராவது சொல்ல முடியுமா?" என்றாள் அக்கா.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடி நான் நம் ஊரிலேயே ஒரு யாத்திரை போய் வந்தேன். நீங்களும் கூட வாருங்கள். பஸ் செலவு அதிகமில்லை.

பூங்காவில் ஒரு கணக்கு

முதலில் லஸ்ஸுக்குப் பக்கத்தில் நாகேஸ்வரராவ் பூங்கா. காலை ஆறு மணிக்கு அங்கே நடக்க வருகிறவர்களில் எந்தத் துறைக்கும் ஒரு நிபுணர் அகப்படுவார். எனக்கு அகப்பட்டவர் வானிலை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"தீ எங்கே பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, தம்பி. ஒரு பொறி பட்டால் அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்லலாம். அதற்கு மூன்று சமாசாரம் தெரிய வேண்டும். காற்று, வறட்சி, விறகு. எப்போதும் அந்த வரிசையில் கேளுங்கள்" என்றார்.

பிறகு பத்திரிகை ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஸ்வீடன் தேசத்தில் பிறந்த கணக்கு. ஆங்ஸ்ட்ராம் குறியீடு என்று பெயர். காற்றின் ஈரப்பதம் எத்தனை சதவிகிதமோ அதை 20-ஆல் வகுக்க வேண்டும். 27-லிருந்து அன்றைய உஷ்ணத்தை, செல்ஸியஸ் டிகிரியில், கழித்து, அதை 10-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் விடை. 4-க்கு மேலே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 2-க்குக் கீழே போனால் ஜாக்கிரதை!

வீட்டுக் கணக்கு நோட்டில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கோடையில் ஒரு மாலை. கடற்காற்று வந்துவிட்டது. உஷ்ணம் 32, ஈரப்பதம் 75. முதல் பங்கு 3.75, இரண்டாவது பங்கு கழித்தல் 0.5. விடை 3.25. இன்னொரு நாள் நடுப்பகல். மேற்குக் காற்று அனலாக அடிக்கிறது. உஷ்ணம் 40, ஈரப்பதம் 30. முதல் பங்கு 1.5, இரண்டாவது கழித்தல் 1.3. விடை 0.2! ஒரே ஊர்தான், சில மணி நேரத்தில் இத்தனை வித்தியாசம் வந்துவிடலாம்.

"ஆனால் இது குளிர் தேசத்துக் கணக்கு. நம் கோடையில் பாதி நாள் இது 2-க்குக் கீழேதான் இருக்கும். அதனால் தினம் பயந்து சாகக் கூடாது. நேற்றைக்கு இன்று எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது. இன்னொரு குறை. இதில் காற்றின் வேகமும் இல்லை, விறகும் இல்லை. அந்த இரண்டையும் நீங்கள் வேறிடத்தில் போய்ப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் தமது நாலாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டார்.

வெள்ளைப் பெட்டியின் ரகசியம்

அடுத்தது நுங்கம்பாக்கம். சென்னையில் வானத்தை முறையாகக் கவனிக்கும் வேலை 1792-ல் தொடங்கிய வானாராய்ச்சிக் கூடத்தோடு இங்கே வேரூன்றியது. இன்றைக்கும், "நுங்கம்பாக்கத்தில் இத்தனை டிகிரி" என்று செய்தியில் கேட்டால்தான் நமக்கு வியர்க்கவே ஆரம்பிக்கிறது! 2003 மே 31-ல் இங்கே 45 டிகிரி பதிவாயிற்று. அன்று வெளியே போய் வந்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த வானிலை நிலையத்துக்குப் போனாலும் கால் முளைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். சுற்றிலும் ஜன்னல் பலகை அடித்த பெட்டி. இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்ஸன், 'புதையல் தீவு' எழுதிய நாவலாசிரியரின் தகப்பனார். பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் அருகருகே இருக்கும். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும். மற்றொன்றின் குமிழில் நனைந்த மெல்லிய துணி சுற்றியிருக்கும். காற்று வறண்டிருந்தால் துணியின் ஈரம் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழைக் குளிரவைக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சூட்சுமம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவார்கள்.

சென்னையைக் காப்பாற்றுவது கடற்காற்று. வெயிலில் தரை சீக்கிரம் சுடுகிறது, கடல் மெதுவாகச் சுடுகிறது. தரைமேல் காற்று சூடேறி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக் காற்று ஓடி வருகிறது. ஆனால் மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று பலமாக வீசினால் அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவைக்கும். மலைத் தொடரைத் தாண்டி இறங்கி, உள்நாட்டு வெப்பத்தையெல்லாம் வாரிக்கொண்டு வருகிற காற்று அது. அடையாற்றில் கடற்காற்று நுழைந்து அரை மணிக்குப் பிறகும் மேற்கே புழுக்கம் தீராமல் இருப்பதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள்.

இதே கதையைப் பிரம்மாண்டமான அளவில் நடத்திக் காட்டுவது கலிபோர்னியா. உங்கள் பிள்ளையோ பெண்ணோ அங்கே இருந்தால் 2025 ஜனவரி 7-ந் தேதி இரவு நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் ஓரத்தில் வீடு வீடாகப் பற்றி எரிந்த நாள் அது. அங்கே முந்தைய இரண்டு வருஷங்களில் நல்ல மழை. புல்லும் புதரும் மண்டி வளர்ந்தன. பிறகு மாதக் கணக்கில் மழையே இல்லை, வளர்ந்ததெல்லாம் சருகாயிற்று. கடைசியில் பாலைவனத்திலிருந்து மலையிறங்கி வந்தது வறட்டுக் காற்று. விறகு, வறட்சி, காற்று மூன்றும் சேர்ந்துவிட்டன. காற்று வருவதை அந்த நாட்டு வானிலை இலாகா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை நம்பி முன்னதாக வெளியேறியவர்கள் வீட்டை இழந்தாலும் உயிர் பிழைத்தார்கள்.

கிண்டியில் அப்பளப் பாடம்

மூன்றாவது சமாசாரமான விறகைப் பார்க்க நான் அடையாற்றுப் பக்கம் போனேன். சர்தார் படேல் ரோட்டில் பஸ் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், சுவருக்கு அப்பால் பச்சையாக ஒரு காடு கூடவே வரும். அதுதான் கிண்டி தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் கவர்னர் மாளிகைத் தோட்டத்தின் பகுதி. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நாலு பக்கமும் ஊர் இருக்க, நடுவில் புள்ளிமானும் வெளிமானும் மேய்கிற காடு இது!

சிறுவர் பூங்காவுக்குள் ஒரு மரத்தடியில் நின்று பாருங்கள். இந்தக் காட்டு மரங்கள் பல, கோடையிலும் இலையை முழுக்க உதிர்ப்பதில்லை. நிழல் விழுகிற இடத்தில் தரைச் சருகு காலில் மெத்தென்று படுகிறது. நாலு அடி தள்ளி, வெயில் விழும் இடத்தில் காய்ந்த புல் நொறுங்குகிறது. வானிலை அறிக்கை இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். தீக்கு மட்டும் இரண்டும் ஒன்றல்ல.

இங்கேதான் அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் மழை நாளில் ஒரு மணியில் நமத்துப்போகிறது. வெயில் நாளில் மொறுமொறுப்பாகவே இருக்கிறது. காய்ந்த புல்லும் சருகும் அப்படித்தான். காற்றில் ஈரம் ஏறினால் தாமும் ஈரமாகும். இறங்கினால் உடனே உலரும். இதற்கு நிபுணர்கள் 'ஒரு மணி நேர விறகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கால் அங்குலத்துக்கு உட்பட்ட கனம். ஒரு அங்குலம் வரை உள்ள குச்சி 'பத்து மணி நேர விறகு'. மூன்று அங்குலம் வரை உள்ள கட்டை 'நூறு மணி நேர விறகு'. அதற்கு மேல் கனமுள்ள அடிமரம் 'ஆயிரம் மணி நேர விறகு'. அது உலர நாற்பது நாள் ஆகும். ஆகவே நேற்று பெய்த ஒரு தூறலைப் பார்த்து, "காடு நனைந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது. நண்பகலுக்குள் புல் மறுபடியும் அப்பளமாகியிருக்கும்! கானடா தேசத்தார் 1970 முதல் பயன்படுத்தும் தீ அபாயக் கணக்கிலும் மேல்சருகு, அடிமக்கு, ஆழமான மக்கு என்று மூன்று ஈரக் கணக்குகள் தனித்தனியே உண்டு. தினமும் நடுப்பகலில் எடுத்த உஷ்ணம், ஈரம், காற்று, மழை நாலையும் கொண்டு அவற்றைப் புதுப்பிக்கிறார்கள்.

விறகு ஒரே நாளிலும் வந்து குவியலாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்ததே! கிண்டியிலும் அடையாற்றிலும் ஓங்கி நின்ற மரங்கள் எத்தனை சாய்ந்தன! புயலை நாம் மழையோடும் வெள்ளத்தோடும் சேர்த்து நினைக்கிறோம். காட்டுக் காவலர் அதை அடுத்த கோடையோடும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

குப்பை மேடும் ஒரு காடுதான். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். நாள் கணக்கில் புகைந்தது. சுற்றுப்புறத்து வீடுகளில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, குழந்தைகளின் மூக்கில் ஈரத் துணியைக் கட்டியவர்களுக்கு, "இன்று காற்று எந்தத் திசை?" என்பது வெறும் பேச்சாக இருக்கவில்லை.

தி. நகரில் பெருக்கும் அம்மாள்

தியாகராய நகருக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது குடும்ப சாஸ்திரம். ஆகவே அக்காவுக்கு ஒரு வடாம் பிழியும் அச்சு வாங்கிக்கொண்டு பனகல் பார்க் பக்கம் வந்தேன். தெரு பெருக்கும் அம்மாள் ஒருவர் சருகைக் குவித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"முன்னயெல்லாம் இங்கயே கொளுத்திடுவோம், ஸார். இப்ப கொளுத்தக் கூடாதுன்னுட்டாங்க. நல்லதுதான். காலையில ஆறு மணிக்கு எத்தனை குச்சி கிழிச்சாலும் பத்தாது, பனி ஈரம். பதினோரு மணிக்கு மேல ஒரு பீடித் துண்டு போதும்" என்றார்.

நுங்கம்பாக்கத்துப் பாடமும் கிண்டிப் பாடமும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டன. பீடித் துண்டு என்றாரே, அதையும் கவனியுங்கள். நம் தேசத்துக் காட்டுத் தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதன் கையிலிருந்து பிறப்பவை. மேய்ச்சலுக்குப் புல் தளிர்க்கட்டும் என்று வைத்த நெருப்பு, அணையாத அடுப்பு, வீசியெறிந்த துண்டு. காற்றையும் வெயிலையும் முன்னால் சொல்லலாம். அந்தக் கையை எந்தக் கருவி சொல்லும்?

மலைக்குப் போகுமுன்

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். டேராடூனில் இந்திய வன அளவைத் துறை என்று ஒன்று இருக்கிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தரையில் அளவுக்கு மீறிச் சுடுகிற புள்ளியைக் கண்டால் அங்கே தெரிந்துவிடும். அது எந்தக் காட்டுப் பகுதி என்று பார்த்து வன இலாகாவினருக்குச் செல்போனில் தகவல் போகிறது. பெயரைப் பதிவு செய்துகொண்டால் பொது ஜனங்களுக்கும் உண்டு. வானிலையையும் காட்டின் தன்மையையும் பழைய தீக்களையும் சேர்த்துப் பார்த்து, தீ தோன்றுவதற்கு முன்பே எச்சரிப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. ஆனால் செயற்கைக்கோள் ஒரு இடத்தைக் கடப்பது நாளுக்குச் சில தடவைதான். இடைப்பட்ட நேரத்தில் மூண்ட தீ அதற்காகக் காத்திருக்காது.

மலையில் இன்னொரு சங்கதி. எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் சுவாலை மேலே உள்ள குச்சியைத் தானே சூடாக்கி விறுவிறுவென்று ஏறும். மலைச்சரிவில் தீயும் அப்படியே. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு பங்காகும் என்பது ஆஸ்திரேலியாவில் கண்ட கணக்கு. காய்ந்த புல், பகல் வெயில், மேல்நோக்கி வீசும் காற்று, செங்குத்தான சரிவு. குரங்கணியில் அந்தப் பிள்ளைகள் எதன் நடுவே நின்றார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஆகவே தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடக் கூடாது. பள்ளமான ஓடைச் சந்தில் பதுங்கவும் கூடாது. அது புகைக் குழாய் மாதிரி. வெறும் பாறை, தண்ணீர், முன்பே எரிந்து கறுத்த தரை என்று எது கிட்டே இருக்கிறதோ அதை நோக்கிப் பக்கவாட்டில் விலக வேண்டும். உருகி உடம்பில் ஒட்டும் நைலான் உடையை விட்டுப் பருத்தி உடுத்திக்கொள்வது நல்லது. அவசரத்துக்கு 101, 112 இரண்டு எண்களும் நினைவில் இருக்கட்டும்.

குரங்கணிக்குப் பிறகு அதே 2018-ல் தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கென்று விதிகள் செய்தது. 2024 அக்டோபரில் வன இலாகாவே வழிகாட்டிகளோடு அழைத்துப்போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. அதற்கு அடுத்த கோடையில், பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று சொல்லி அந்தப் பாதைகளை இரண்டு மாதம் மூடினார்கள். மூடிய கதவு என்றால் நமக்குக் கோபம் வருகிறது. மழைக்காலத்தில் அணையின் கதவை மூடினால் யாராவது கோபித்துக்கொள்கிறோமா?

அக்காவின் தீர்ப்பு

இருட்டுகிற நேரத்தில் மயிலாப்பூர் திரும்பினேன். கபாலீசுவரர் கோவில் வாசலைத் தாண்டும்போது கார்த்திகைச் சொக்கப்பனை நினைவுக்கு வந்தது. உலர்ந்த பனையோலையை உயரக் கட்டி, ஊர் நடுவில் கொளுத்துகிறோமே! தற்செயலோ, முன்னோர் யோசனையோ, அது ஊரெல்லாம் மழையில் ஊறிக் கிடக்கிற மாதத்தில் வருகிறது. பங்குனியில் அதைச் செய்ய எவருக்குத் துணிவு வரும்?

அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மருமகள் ஆங்ஸ்ட்ராம் கணக்கை வாங்கிக்கொண்டு, செல்போனில் தேனியின் உஷ்ணத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்துப் போட்டாள். போட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு சிநேகிதிகளில் ஒருத்திக்குப் போன் செய்தாள்.

"நாம் போகிற பாதைக்கு வன இலாகா அனுமதி இருக்கிறதா என்று கேட்டாயா? இல்லையா? அப்படியானால் நான் மார்ச்சில் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஆகட்டும். தை மாதம் போகலாம், அனுமதியோடு, வழிகாட்டியோடு. ஆமாம், நானாகத்தான் சொல்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை."

அம்மா உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை. புதிய அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூன்று சமாசாரத்துக்காகவா ஊரெல்லாம் சுற்றினாய்? வெயில் நன்றாக இருக்க வேண்டும், காற்று வறட்சியாக வீச வேண்டும், வடாம் மெல்லிசாக இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் ஒரே நாளில் காயும். எனக்கு வடாம் காய்கிற நாள், காட்டுக்குக் கெட்ட நாள். அவ்வளவுதானே?" என்றாள்.

அவ்வளவுதான்! எனக்கு அது ஒரு நாள் முழுக்க அலைந்தபின் கிடைத்தது. அக்காவுக்கு அது முப்பது வருஷமாக மாடியில் கிடந்தது.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் மலையேறத் துடிக்கிற பெண்ணோ பிள்ளையோ இருந்தால், "போகாதே" என்று அடக்கிவைக்க வேண்டாம். மாடிக்கு அழைத்துப் போய், வடாத்தில் ஒன்றை ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'படக்'கென்று ஒடிந்தால் அன்று காடும் அப்படித்தான் இருக்கிறது என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அக்கா மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுத்தாள். "இன்றைக்கு வேண்டாம். கடற்காற்று சீக்கிரம் வந்துவிடும்."

பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டது.